போலீஸ் அம்பாசடரை கம்பெனி கண்டிஷனுக்கு கொண்டு வர்றது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கிட்ட 1996 மாடல் அம்பாசடர் நோவா டீசல் ஒண்ணு இருக்கு. 14 வருஷம் போலீஸ்ல ஓடி, கண்டம் ஆகி (இனிமே உதவாதுன்னு டிபார்ட்மெண்ட்டே எழுதி ஒதுக்கி), ஏலத்துல எடுத்தவரு கொஞ்ச நாள் கோழித்தீவனம் ஏத்தி ஓட்டி, கடைசியில திருமங்கலம் தாண்டி ஒரு புளியமரத்தடியில கெடந்துச்சு. 2016ல கயிறு கட்டி இழுத்துட்டு வந்து, ஒன்றரை வருஷம் மல்லுக்கட்டி பழையபடி ஆக்கினேன். அன்னையில இருந்து கோரிப்பாளையம் சிக்னல்ல நின்னா பக்கத்து பைக்காரர் கேக்குறாரு, கல்யாண வீட்டு பந்தியில இலை போட்டு உக்காந்தா எதுத்தாப்புல இருக்கறவர் கேக்குறாரு, எல்லாம் அதே கேள்விதான். ஒவ்வொருத்தருக்கும் முதல்ல இருந்து சொல்லி வாய் வலிக்குது, அதான் மொத்தமா எழுதிட்டேன். நான் மெக்கானிக் இல்ல, வக்கீலும் இல்ல, கையை சுட்டுக்கிட்டு கத்துக்கிட்டவன்.

அண்ணே, கம்பெனி கண்டிஷன்னா என்ன, புதுசு மாதிரி பளபளன்னு ஆக்குறதா?

இல்ல. இங்கதான் பாதி பேரு சறுக்குறாங்க. கம்பெனி கண்டிஷன்னா கல்கத்தா பக்கத்துல உத்தரபாரா ஃபேக்டரி கேட்டை விட்டு வண்டி வெளிய வந்தப்ப எப்படி இருந்துச்சோ அப்படி. அம்பாசடர் புதுசுலயே கதவு இடுக்கு ஒரு பக்கம் விரல் நுழையும், இன்னொரு பக்கம் பிளேடு நுழையாது. அதையெல்லாம் கண்ணாடி மாதிரி இழைச்சு, பாக்குற இடமெல்லாம் குரோமியம் ஏத்தி, அலாய் வீல் மாட்டினா அது மாப்பிள்ளை அழைப்பு வண்டி. நல்லாதான் இருக்கும், ஆனா வேற விஷயம்.

போலீஸ் வண்டியில ரெண்டு விதமான மாத்தம் இருக்கும். ஒண்ணு டிபார்ட்மெண்ட் சேத்தது: மேல சுத்துற லைட்டு, சைரன், மைக் செட்டு, வயர்லெஸ், ஏரியல், பானெட்ல கொடிக்கம்பி, ஸ்டிக்கர். இது கண்ணுக்கு தெரியும், கழட்டிடலாம். இன்னொண்ணு ரிப்பேருக்காக கைக்கு கிடைச்சதை மாட்டினது, வேற மாடல் பின் லைட்டு, வேற வருஷத்து ஸ்டீரிங் வீல், பழைய டாக்ஸியில இருந்து கழட்டின சீட்டு இப்படி. இதை கண்டுபிடிக்கத்தான் கம்பெனி மேனுவலும் ஸ்பேர் பார்ட்ஸ் கேட்டலாக்கும் வேணும். அதைவிட நல்ல வழி, அதே வருஷ மாடல் ஒரே ஓனர் வண்டி ஒண்ண தேடிப்போய் பாக்குறது. காரைக்குடி பக்கம் செட்டியார் வீட்டு ஷெட்டுல ஒண்ணு பாத்தேன், பெரியவர் மூணு மணி நேரம் போட்டோ எடுக்க விட்டாரு, காப்பியும் கொடுத்தாரு. அந்த போட்டோதான் எனக்கு பைபிளு.

ஏலத்துல போலீஸ் வண்டி சல்லிசா கிடைக்குதாமே, எங்க போய் கேக்கணும்?

மொதல்ல எந்த ஏலம்னு பாருங்க. பேப்பர்ல "காவல்துறை வாகனங்கள் ஏலம்"னு ரெண்டு வகை வரும். ஒண்ணு மதுவிலக்கு கேஸ்ல பிடிச்ச பைக்கு, கார், ஆட்டோ. அது போலீஸ் வண்டி இல்ல, போலீஸ் பிடிச்ச வண்டி. இன்னொண்ணுதான் டிபார்ட்மெண்டே ஓட்டி கண்டம் பண்ணினது. பெரும்பாலும் ஆயுதப்படை மைதானம் மாதிரி இடத்துல நிறுத்தி, முன்கூட்டியே பாக்க விடுவாங்க, முன்பணம் கட்டி டோக்கன் வாங்கினாத்தான் கேக்க முடியும், ஏலத்தொகைக்கு மேல ஜி.எஸ்.டி. தனி.

பாக்க விடுற அன்னைக்கே வெள்ளென போயிருங்க. வெயில் ஏறினா தகரத்துல கை வைக்க முடியாது, துருவ தட்டிப் பாக்காம அம்பாசடர் வாங்கக்கூடாது.

இப்ப ஏலத்துல எடுத்து ரோட்டுல ஓட்டலாமா? 15 வருஷம் ஆனா உடைக்கத்தான்னு சொல்றாங்களே?

சரியாத்தான் சொல்றாங்க. 2023 ஏப்ரல் 1ல இருந்து அரசாங்க வண்டிகளுக்கு முதல் ரிஜிஸ்ட்ரேஷன்ல இருந்து 15 வருஷம் முடிஞ்சா பதிவு தானா செத்துப் போகும், ரினியூவல் கிடையாது, அங்கீகாரம் உள்ள ஸ்கிராப் யார்டுக்குத்தான் போகணும். கவச வண்டி மாதிரி சட்டம் ஒழுங்குக்கான சிறப்பு வண்டிகளுக்கு விலக்கு உண்டு, அது நமக்கு எதுக்கு.

அதனால இன்னைக்கு இந்த ஆசை இருக்கறவங்களுக்கு நான் சொல்றது ஒண்ணுதான். அந்த தேதிக்கு முன்னாடியே ஏலத்துல போய், தனியார் பேருக்கு மாறி, ஆர்.சி. உயிரோட இருக்குற வண்டியா தேடுங்க. கிராமத்துப் பக்கம் இன்னும் கெடக்கு. 15 வருஷம் ஆகாம கண்டம் ஆனது ஏலத்துக்கு வந்தா அதுவும் சரி, ஆனா அம்பாசடர் 2014 மே மாசத்தோட உற்பத்தியே நின்னு போச்சு, அதுல இனிமே அந்த வாய்ப்பு கம்மி.

சரி, பேப்பர்ல என்னென்ன பாக்கணும்?

ஏலத்துல வாங்கின வண்டிக்கு பேர் மாத்த வழக்கமான ஃபார்ம் 29, 30 இல்ல, ஃபார்ம் 32. வண்டிய கையில வாங்கின 30 நாளுக்குள்ள போடணும். கூடவே ஆர்.சி., இன்சூரன்ஸ், ஏலம் உங்களுக்குத்தான் முடிஞ்சதுன்னு உறுதி பண்ற ஆர்டர், ஏலம் விடச் சொல்லி அதிகாரம் கொடுத்த ஆர்டரோட சான்று நகல், இவ்வளவும் வேணும். நீங்க ரெண்டாவது ஆளா வாங்குறீங்கன்னா (என்னைய மாதிரி) முதல் ஆளு இதைச் செஞ்சு தன் பேருக்கு மாத்தியிருக்காரான்னு பாருங்க. "பேரு மாத்திக்கலாம் தம்பி, ஒண்ணும் பிரச்சன இல்ல"ன்னு சொன்னா அங்கேயே டீய குடிச்சுட்டு கிளம்பிருங்க.

அப்புறம் சேசிஸ் நம்பர், இஞ்சின் நம்பர் ரெண்டையும் பென்சில் தேய்ச்சு பேப்பர்ல எடுத்து ஆர்.சி.யோட ஒத்துப் பாக்கணும். இஞ்சின் நம்பர் ஒத்து வராதது போலீஸ் வண்டியில சகஜம், அதை கீழ தனியா சொல்றேன். சேசிஸ் நம்பர் ஒத்து வரலைன்னா வாங்காதீங்க, அம்புட்டுதான்.

தனியார் காருக்கு 15 வருஷத்துக்கு அப்புறம் ஃபார்ம் 25 போட்டு 5 வருஷத்துக்கு ஒருக்க ரினியூவல். 2022 ஏப்ரல்ல இருந்து காருக்கு ஃபீஸ் 5,000 ரூபா, 2025ல 20 வருஷம் தாண்டின காருக்கு 10,000 ஆக்கிட்டாங்க. பசுமை வரி தனி. பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டிய பாத்துட்டுத்தான் கையெழுத்து போடுவாரு, அதனால வேலை முடியறதுக்கு முன்னாடி ஆர்.சி. முடிஞ்சிருமான்னு கணக்கு போடுங்க. நான் போடல, லேட் ஃபீஸ் கட்டினேன்.

போலீஸ் வண்டி கிலோமீட்டர் கம்மியாத்தானே ஓடியிருக்கும், இஞ்சின் நல்லாத்தானே இருக்கும்?

மீட்டர நம்பாதீங்க. போலீஸ் வண்டி ஓடினதை விட நின்னுக்கிட்டே உறுமினது அதிகம். சித்திரைத் திருவிழாவ நினைச்சுக்கோங்க. எதிர்சேவை அன்னைக்கு மூன்றுமாவடியில இருந்து தல்லாகுளம் வரைக்கும் கூட்டத்துக்கு நடுவுல ராத்திரி முழுக்க ஃபர்ஸ்ட் கியர், கால் பாதி கிளட்ச்லயே, மேல லைட்டு சுத்துது, மைக்கு கத்துது, வயர்லெஸ் ஓடுது. மீட்டர்ல அது அஞ்சாறு கிலோமீட்டர்தான். இஞ்சினுக்கு அது ஒரு ராத்திரி பூரா வேலை.

டீசல் இஞ்சின் ரொம்ப நேரம் சும்மா ஓடினா சூடு பத்தாம டீசல் முழுசா எரியாது, டீசல பீச்சுற நாசில் மூக்குல கரி கட்டும், போர் (பிஸ்டன் ஏறி இறங்குற குழாய்) உள்சுவரு வழுவழுன்னு கண்ணாடி மாதிரி ஆகி ரிங்கு பிடிக்காது, ஆயில் குடிக்கும். அதனால வாங்குறப்பவே கம்ப்ரெஷன் செக் பண்ணுங்க. இஞ்சின் ஹெட்ட (மேல்மூடிய) தூக்கினா பிஸ்டன் தலையில ஓவர்சைஸ் நம்பர் இருக்கான்னு பாருங்க, இருந்தா ஏற்கனவே ரீபோர் ஆனது, அதாவது போர கடைஞ்சு பெருசாக்கினது. என்னோடது கடைசி சைஸ் வரைக்கும் போயிருந்துச்சு, ஸ்லீவ் (போருக்குள்ள சொருகுற புதுக் குழாய்) இறக்கி மறுபடி கம்பெனி சைஸுக்கு, 73 மில்லிமீட்டருக்கு கொண்டு வந்தோம். பம்ப்பும் நாசிலும் காலிபரேஷன், நாலு ஹீட்டர் பிளக்கும் புதுசு. 1489 சி.சி. வண்டி, பறக்காது, ஆனா காலையில ஒரே செல்ஃப்ல எந்திரிக்கணும்.

முதல்ல எதுல கை வைக்கிறது? பெயிண்ட்ட முடிச்சுட்டா பாக்கவாவது நல்லா இருக்குமே?

வீட்டுக்காரம்மாவும் இதையேதான் சொன்னாங்க. பெயிண்ட் கடைசி. முதல்ல பேப்பர், அப்புறம் தகரம், அப்புறம் இஞ்சினும் அடிப்பாகமும், அப்புறம் வயரிங், அதுக்கப்புறம்தான் கலர், குஷன், பீடிங் எல்லாம்.

தகரம் ஏன் முன்னாடி வரணும்னா அம்பாசடர்ல ஜீப்பு லாரி மாதிரி தனியா சேசிஸ் கிடையாது, பாடியேதான் சேசிஸ். கதவுக்கு கீழ ஓடுற பெட்டி மாதிரி பாகமும் தரைத்தகடும் துருப்பிடிச்சா அழகு போறதில்ல, வண்டியோட முதுகெலும்பு போகுது. அதை வெட்டி புதுசு வைக்கிறப்ப கதவை கழட்டாம, அடியில சரியா முட்டுக்கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமா வெட்டணும். ஒரே நேரத்துல ரெண்டு பக்கமும் வெட்டினா வண்டி நடுவுல தொய்ஞ்சு அப்புறம் கதவே சாத்தாது. அவசரப்படாம பைய செய்யற டிங்கர் கிடைச்சா ரெண்டு மாசம் காத்திருந்தாவது அவர்கிட்டயே விடுங்க.

மேல லைட்டு இருந்த ஓட்டை, ஏரியல் ஓட்டை எல்லாம் பட்டி வச்சு அடைச்சா போதாதா?

போதாது. நான் செஞ்ச பெரிய தப்பே இதுலதான், அதனால விலாவாரியா சொல்றேன். என் வண்டி கூரையில மொத்தம் ஆறு ஓட்டை, லைட்டு போல்ட்டுக்கு நாலு, வயருக்கு ஒண்ணு, ஏரியலுக்கு ஒண்ணு. ஏலத்துக்கு முன்னாடி கூரை மேல இருந்த சாமானை மட்டும் கழட்டிட்டு ஓட்டைய யாரோ எம்-சீல் வச்சு அமுக்கி விட்டிருந்தாங்க. அது வெயிலுக்கு வெடிச்சு, பல வருஷ மழைத்தண்ணி உள்ள இறங்கி, உள்பக்க கூரைத்துணி கருப்பா உளுத்து, தண்ணி ஓடுற ஓரக்காடி பூரா துரு. வெளிய இருந்து பாத்தா மிளகு சைஸ் புள்ளி, உள்ள துணிய கிழிச்சப்ப தோசைக்கல் அளவுக்கு துரு படந்திருந்துச்சு.

முதல்ல ஒரு பெயிண்டர் பட்டி வச்சு தேய்ச்சு கலர் அடிச்சு கொடுத்தாரு. ஒரு அக்னி நட்சத்திரம் தாங்கல. ஆறு ஓட்டையும் வட்ட வட்டமா கோடு விட்டு, அம்மை போட்ட மாதிரி தெரிஞ்சுது. தகரம் சூட்டுல விரியுது, பட்டி கூட விரியாது, வேறென்ன ஆகும். ரெண்டாவது தடவ சரியா செஞ்சோம். ஓட்டைய சுத்தி துரு இல்லாத தகரம் வர்ற வரைக்கும் வெட்டி, அதே கனத்துல பில்லை வெட்டி, சி.ஓ.டூ. வெல்டிங்ல ஒரு புள்ளி இங்கிட்டு, ஒரு புள்ளி அங்கிட்டுன்னு வச்சு, ஒவ்வொரு புள்ளிக்கும் ஈரத்துணி போட்டு ஆத்தி, அப்புறம் பின்பக்கம் டாலி (முட்டுக்கொடுக்குற இரும்புக்கட்டை) கொடுத்து தட்டி சமம் பண்ணினோம். கேஸ் வெல்டிங் கூரைக்கு வேண்டாம், அகலமான தகரம், சூட்டுல அப்பளம் மாதிரி நெளிஞ்சிரும். இன்னொண்ணு, கூரைத்துணிய முழுசா கழட்டாம வெல்டிங் வைக்காதீங்க. பின்பக்கம் கொஞ்சம் விட்டு வச்சோம், புகை வந்து வாளி வாளியா தண்ணி ஊத்தினோம்.

டேஷ்போர்டு, பானெட், முன் மட்காட்ல இருக்குற ஓட்டைகளுக்கும் இதே வைத்தியம்தான். எந்த ஓட்டை கம்பெனி போட்டது, எது டிபார்ட்மெண்ட் போட்டதுன்னு தெரிய ஒரு சுலபமான வழி: கம்பெனி ஓட்டை அச்சுல வெட்டினது, விளிம்பு ஒழுங்கா இருக்கும், அதுக்குள்ளயும் பெயிண்ட் போயிருக்கும். கை டிரில்லுல போட்டது பிசிறு பிசிறா, உள்ள வெறுந்தகரம்.

ஒரிஜினல் கலர் எதுன்னு எப்படி கண்டுபிடிக்கிறது? ஆர்.சி.ல வெள்ளைன்னு போட்டா போதாதா?

வெள்ளையில எத்தனை வெள்ளை இருக்கு, பால் வெள்ளை, சோத்து வெள்ளை, சுண்ணாம்பு வெள்ளை. பெயிண்ட் கடையில போய் அம்பாசடர் வெள்ளைன்னு கேட்டா அவரு ஒண்ணு கொடுப்பாரு, அது உங்க வண்டியோடது இல்ல.

400 வாட்டர் பேப்பர தண்ணியில முக்கி, கதவு கீல் பக்கம் ஒரு ரூபா காசு அளவுக்கு மெதுவா தேய்ச்சுக்கிட்டே போங்க. மரத்துல வருஷ வளையம் தெரியற மாதிரி வரும். என்னோடதுல மேல ஒரு வெள்ளை (ஏலத்துல எடுத்தவர் அடிச்சது, பிரஷ்ல), அதுக்கு கீழ ஒரு வெள்ளை, அங்கங்க சிவப்பு நீலப் பட்டை, அதுக்கும் கீழ இன்னொரு வெள்ளை, அப்புறம் சாம்பல் பிரைமர், அப்புறம் தகரம். மூணாவது வெள்ளைதான் கம்பெனியோடது, லேசா தயிர் மேல நிக்கிற ஏடு மாதிரி நிறம்.

ஆனா அதையும் அப்படியே மேட்ச் பண்ணக்கூடாது. எனாமல் வெள்ளை வெளிச்சம் படாத இடத்துல மஞ்சளடிக்கும். முன் கண்ணாடி ரப்பர் பீடிங்குக்கு அடியில, டிக்கிக்குள்ள சின்னதா ஒரு இடம் எடுத்து, பாலிஷ் போட்டு தேய்ச்சு, ரெண்டு மூணு நாள் வெயில் பட விட்டுட்டு அப்புறம் கலர் மிக்ஸ் பண்ண கொடுங்க. ஒரிஜினலே வேற கலர், டிபார்ட்மெண்ட் மாத்தியிருக்குன்னு தெரிஞ்சா, பழைய கலருக்கு போகலாம், ஆனா ஆர்.சி.ல கலர் பதிவாகியிருக்கு, அதை மாத்தி எழுதாம ஓட்டக்கூடாது.

வயரிங் பூரா குழப்பமா இருக்கு, எந்த வயர் கம்பெனியோடது, எது சைரனோடது?

கம்பெனி வயருக்கு கலர்ல ஒரு ஒழுங்கு உண்டு, பழைய லூகாஸ் (இங்கிலாந்து எலக்ட்ரிகல் கம்பெனி) முறை. மதுரையில பஸ் விட்டு ஆரம்பிச்ச டி.வி.எஸ்.காரங்க லூகாஸோட சேந்து போட்ட கம்பெனிதான் நம்ம நாட்டுல அந்த எலக்ட்ரிகல் சாமான் செஞ்சது. பிரவுன்னா பேட்டரியில இருந்து நேரா வர்றது, வெள்ளைன்னா சாவி போட்டா உயிர் வர்றது, பச்சைன்னா சாவிக்கப்புறம் ஃபியூஸ் தாண்டி வர்றது, நீலம் ஹெட்லைட், சிவப்பு பார்க்கிங்கும் பின் லைட்டும், கருப்பு எர்த். இந்த ஆறும் மனசுல இருந்தா முக்கால்வாசி பிரிச்சிடலாம்.

டிபார்ட்மெண்ட் சேத்த வயர் பெரும்பாலும் ஒரே கலர்ல தடியா இருக்கும், நடுவுல கம்பெனி வயர கீறி சுத்தி கருப்பு டேப் ஒட்டியிருக்கும். அந்த டேப் ஒவ்வொண்ணையும் பிரிச்சு பாத்துட்டே போனேன், இருபத்தி மூணு ஜாயிண்ட். சிலது உள்ள பச்சையா களிம்பு ஏறி தொட்டாலே உதிருது. வெறுமனே வெட்டி விட்டா அந்த கீறின இடம் அப்படியே நிக்கும், ஒருநாள் உரசி புகையும். பட்ஜெட் இருந்தா முழு ஹார்னஸும் (மொத்த வயர் கட்டும்) புதுசா கட்டச் சொல்லுங்க, அதே கலர் முறையில.

ஸ்பேர் கிடைக்குதா? வண்டியே நிறுத்திட்டாங்களே?

இஞ்சின், பிரேக், கிங்பின் சாமான் எல்லாம் மதுரையிலயே பழைய கடைகள்ல தேடினா கிடைக்கும், லட்சக்கணக்குல ஓடின வண்டி. கஷ்டம் சின்னச் சின்ன அலங்கார சாமான்தான், கிரில், பேட்ஜ், கைப்பிடி, மீட்டர் வளையம். அதுக்கு சென்னை புதுப்பேட்டை, கல்கத்தா மல்லிக் பஜார். போன்ல ஆர்டர் பண்ணாதீங்க. நோவா கிரில்னு சொல்லி ஒருத்தர் பார்சல்ல வேற மாடல் கிரில் அனுப்பினாரு, திருப்பி அனுப்ப லாரி வாடகை கிரில் விலைய விட கூட.

பம்பர குரோமியம் பிளேட்டிங்குக்கு கொடுக்குறப்ப "ரொம்ப தேய்க்காதீங்க"ன்னு ரெண்டு தடவ சொல்லுங்க. எழுத்து பொறிச்ச சாமான்ல மழுங்கத் தேய்ச்சு விட்டா எழுத்து போயிரும். பின்னாடி ஸ்பிரிங் பட்டையில எக்ஸ்ட்ரா பட்டை சொருகியிருக்கான்னும் பாருங்க, ஆளு ஏத்துறதுக்காக சேத்திருப்பாங்க, அதை எடுத்தாத்தான் வண்டி கம்பெனி உயரத்துக்கு உக்காரும்.

இதுல கைதி, பொணம் எல்லாம் ஏத்திருப்பாங்களே, தோஷம் இல்லையா?

எங்க அத்தை முதல் நாளே கேட்டது இது. அதிகாரி வண்டியில பொணம் ஏத்துனாங்களோ என்னமோ, ஏறினவங்க முக்காவாசி பேரு கோபமா ஏறினவங்களாத்தான் இருப்பாங்க. வேலை முடிஞ்சதும் பாண்டி கோயில்ல நிறுத்தி பூசை போட்டு, நாலு வீலுக்கும் எலுமிச்சம்பழம் வச்சு ஏத்தினேன். அத்தைக்கு திருப்தி, எனக்கும்தான்.

சைரனும் லைட்டும் ஒரிஜினலா கிடைச்சிருக்கு, சும்மா ஷோவுக்கு மாட்டி வச்சுக்கிட்டா என்ன?

கம்பெனி அதை மாட்டல, அதனால முதல் கேள்வி பதில்படியே அது இடம்பெறாது. அது போக சட்டமும் விடாது. மத்திய மோட்டார் வாகன விதி 119 பல சுருதியில கத்துற ஹாரனை ஆம்புலன்ஸ், தீயணைப்பு, போலீஸ் மாதிரி வண்டிக்குத்தான் விடுது. மேல வைக்கிற கலர் லைட்டுக்கு விதி 108, 2017 மே 1ல இருந்து மந்திரிக்கே சுழல் விளக்கு கிடையாது, நமக்கா. "சுவிட்ச் போடவே மாட்டேன்"னு சொன்னாலும் மாட்டியிருக்கறதே வம்பு. "காவல்" ஸ்டிக்கரும் அப்படித்தான், சென்னையில 2024 மே 2ல இருந்து தனியார் வண்டியில போலீஸ், பிரஸ் மாதிரி ஸ்டிக்கர் ஒட்டினா ஃபைன் போட ஆரம்பிச்சாங்க. அந்த வண்டியில போய் நான் போலீஸ்னு எவர்கிட்டயாவது லந்து பண்ணினா அது பாரதிய நியாய சன்ஹிதா 204, ஜெயில் சமாச்சாரம்.

கழட்டின சாமானை வீட்டுல அலமாரியில வைங்க. என் சைரன் பரண்ல இருக்கு, பேரன் வந்தா மட்டும் கீழ இறங்கும்.

ஷூட்டிங்குக்கு போலீஸ் வண்டி கேக்குறாங்க, நல்ல காசாமே, அதுக்காக அந்த வேஷத்துலயே விட்டுடலாமா?

வேஷம் அவங்க பொறுப்பு. காந்த ஸ்டிக்கர், காந்தம் வச்ச லைட்டு கொண்டு வருவாங்க, ஷாட் முடிஞ்சா உரிச்சு எடுத்துடணும். வேஷத்தோட ரோட்டுல ஓட்டி லொகேஷனுக்கு போகாதீங்க. என்கிட்டயும் ரெண்டு தடவ கேட்டாங்க, காந்தம் உரசி புது பெயிண்ட்ல கீறல் விழும்னு விட்டுட்டேன்.

இஞ்சின் நம்பர் ஆர்.சி.யோட ஒத்து வரலை, என்ன பண்றது?

மேல சொல்றேன்னு சொன்னது இதுதான். டிபார்ட்மெண்ட் ஒர்க்ஷாப்ல ஒரு வண்டி இஞ்சின கழட்டி இன்னொண்ணுல மாட்டுறது நடக்குறதுதான், ஓட்டம் நிக்கக்கூடாது அவங்களுக்கு. அந்த மாத்தம் ஆர்.சி.ல ஏறியிருக்கணும். ஏறலைன்னா ஏலத்துக்கு முன்னாடியே அவங்களே எழுதிக் கொடுக்கச் சொல்றதுதான் ஒரே சுலபமான நேரம், வண்டி உங்க கைக்கு வந்துட்டா அப்புறம் அலையறது நீங்கதான். லாக் புக்கும் ஹிஸ்டரி ஷீட்டும் நகல் கிடைச்சா வாங்கி வைங்க. ஆமா, ரவுடிக்கு மட்டும் இல்ல, வண்டிக்கும் ஹிஸ்டரி ஷீட் உண்டு.

பழைய நம்பர அராவி புது நம்பர் குத்தித் தர்றேன்னு ஒருத்தன் வருவான். அவன் நம்பர முதல்ல போன்ல இருந்து அழிங்க.

போலீஸ் ஜீப்புக்கும் இதே முறைதானா?

பாதி. மகேந்திரா ஜீப்புல தனி சேசிஸ் இருக்கறதால தகர வேலை பயம் கம்மி, பாடிய தூக்கி ஓரமா வச்சுட்டு அடிப்பாகம் முடிக்கலாம். எம்.எம். 540னா பெஜோ டீசல் 2112 சி.சி., அது தனி உலகம். ஒண்ணு மட்டும் ஞாபகம் வைங்க, ஜீப்பு கிடைச்சதும் எல்லாரும் மிலிட்டரி பச்சை அடிக்க ஆசைப்படுறாங்க, விதி 121ல அந்த ஆலிவ் பச்சை ராணுவத்துக்கு மட்டும்தான். கம்பெனி கண்டிஷனுக்கு போறவருக்கு அந்த ஆசையே வரக்கூடாது.

ஏசி, பவர் ஸ்டீரிங் மட்டும் போட்டுக்கலாமா, மதுரை வெயிலு தெரியுமில்ல?

தெரியும், அதுலதான் ஓட்டுறேன். புதுசா ஓட்டை போடாம, நாளைக்கு கழட்டினா பழையபடி ஆகுற மாதிரி இருந்தா உங்க இஷ்டம். நான் போடல. முக்கோணக் கண்ணாடிய திறந்து விட்டா காத்து வரும், சிக்னல்ல மட்டும் வராது.

டீசல் வண்டி 10 வருஷத்துக்கு மேல ஓட்டக்கூடாதாமே? வின்டேஜ்னு பதிஞ்சா தப்பிச்சுக்கலாமாமே?

10 வருஷ கணக்கு டெல்லி வட்டாரத்துக்கு வந்த உத்தரவு, தமிழ்நாட்டுக்கு இல்ல. இங்க ரினியூவல், புகை சர்டிபிகேட், இன்சூரன்ஸ் ஒழுங்கா இருந்தா போதும்.

வின்டேஜ்னு பதியணும்னா 2021 விதிப்படி வண்டிக்கு 50 வயசு தாண்டணும், பெருசா மாத்தம் பண்ணியிருக்கக்கூடாது. புது பதிவுக்கு 20,000 ரூபா, 10 வருஷம் செல்லும், நம்பர்ல வி.ஏ.ன்னு வரும், தினசரி ஓட்டக்கூடாது. என் வண்டிக்கு 2046ல 50 ஆகுது. அதுவரைக்கும் வண்டி இருந்துரும், ஓட்டுறவன் முழங்கால்தான் சந்தேகம்.

மொத்தம் எம்புட்டு ஆச்சு, வித்தா லாபம் வருமா?

வண்டி விலை போக எனக்கு மூணேகால் லட்சம் கிட்ட, அது 2016, 2017 விலை. அதுல தகரமும் பெயிண்டும் (பட்டியில போன முதல் பெயிண்டும் சேத்து) பாதிக்கு மேல. இன்னைக்கு அதே வேலை அந்த காசுல முடியாது. லாபம்னு நினைச்சு இறங்காதீங்க, வாங்க வர்றவரு "பழைய போலீஸ் வண்டிதானே"ன்னு ஆரம்பிப்பாரு. காசை ஒரே நேரத்துல எடுக்க வேண்டாம், நான் மாசாமாசம் சம்பளத்துல ஒதுக்கித்தான் செஞ்சேன், அதனாலதான் ஒன்றரை வருஷம்.

எல்லா ஓட்டையும் அடைச்சு, எல்லா ஸ்டிக்கரும் உரிச்சாச்சு, போலீஸ் வண்டியா இருந்ததுக்கு அடையாளமே இல்லாம போச்சே, வருத்தமா இல்லையா?

கழட்டுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு ஓட்டையையும் ஸ்கேல் வச்சு போட்டோ எடுத்து வச்சிருக்கேன், நீங்களும் எடுங்க.

ஒண்ணு மட்டும் விட்டேன். டேஷ்போர்டு பெட்டிக்குள்ள அட்டையில, யாரோ ஒரு டிரைவர் ஏட்டு பால்பாயிண்ட் பேனாவுல வரிசையா எழுதி வச்சிருக்காரு, ஆயில் மாத்தின தேதி, ஃபேன் பெல்ட் மாத்தின தேதி, நடுவுல "சின்னவ ஸ்கூல் ஃபீஸ் 10ஆம் தேதி"ன்னு ஒரு வரி. குஷன்காரர் புது அட்டை வெட்டி வைக்கட்டுமான்னு கேட்டாரு. அட்டை கம்பெனி அட்டைதான், கிழியவும் இல்ல, எதுக்கு மாத்தணும்னு சொல்லிட்டேன். அந்த வரிசைக்கு கீழதான் இப்ப நான் ஆயில் தேதி எழுதுறேன்.